ஒரே ஒரு பேருந்து வரும்போது

சிங்கப்பூரின் ஈசூனில் அம்மா வீட்டுக் கதவருகே ஒரு சின்னத் திரை மாட்டியிருக்கிறேன். கீழே நிறுத்தத்துக்கு எந்தப் பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, கால்கடுக்க நிற்க முடியாது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தரவுத் தளமான டேட்டாமால் வருகை நேரங்களை ஜேசன் என்ற தரவு வடிவத்தில் தருகிறது. அதிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுக்க, கருவிகளையும் இணையச் சேவைகளையும் இணைக்கும் நோட்-ரெட் மென்பொருளில் ஜேசொனாட்டா எழுதினேன். ஐபிஎம்மில் ஆண்ட்ரூ கோல்மன் உருவாக்கி 2016இல் வெளிவந்த மொழி அது.

எழுதிப் பார்த்ததெல்லாம் ஜேசொனாட்டாவின் ஆன்லைன் எடிட்டரில்தான். இடப்பக்கம் ஜேசனை ஒட்டி, வலப்பக்கம் எக்ஸ்பிரஷனை, அதாவது எதை எடுக்க வேண்டும் என்று சொல்லும் ஜேசொனாட்டா வரியைத் தட்டத் தட்ட, கீழே விடை மாறிக்கொண்டே வரும். ஒரு புள்ளி தவறினாலும் உடனே தெரிந்துவிடும். எனக்கு இந்த மொழி பிடிபட்டதே அப்படித்தான்.

பகலில் திரை நன்றாக ஓடியது. இரவு 11 மணிக்கு மேல் வெறுமையாகிவிடும். “ஏம்பா, பஸ் எல்லாம் நின்னுபோச்சா?” என்று அம்மா போன் செய்தார். இரண்டு இரவு வைஃபையைச் சந்தேகப்பட்டேன். மூன்றாம் இரவு, அந்த நேரத்தில் வந்த பதிலை அப்படியே எடுத்து எடிட்டரில் ஒட்டினேன். பகலில் விடையைச் சுற்றி இருந்த, பட்டியலைக் குறிக்கும் சதுர அடைப்புக்குறியைக் காணோம்! அந்நேரம் ஒரே ஒரு பேருந்துச் சேவைதான் ஓடுகிறது. விடை ஒன்றே ஒன்றாக இருந்தால் ஜேசொனாட்டா அதைப் பட்டியலாகத் தராது, அந்த ஒன்றை மட்டும் தரும். என் திரையோ பட்டியலுக்காகக் காத்திருந்தது. எக்ஸ்பிரஷனில் ‘சர்வீசஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால், ஒன்றே என்றாலும் பட்டியலாகவே தரச் சொல்லும் [] குறியைச் சேர்த்தேன். சரியாகிவிட்டது.

அதோடு முடியவில்லை. கடைசிப் பேருந்துக்குப் பிறகு அடுத்த வண்டியின் நேரம் வெற்று மேற்கோள் குறியாக வருகிறது. அதை நிமிடமாக மாற்றப் போனால் பிழை. முதலில் அதை வடிகட்ட வேண்டும். அதிகாலை 3 மணிக்குச் சேவையே இல்லை, எடிட்டர் ‘நோ மேட்ச்’ (பொருந்துவது எதுவுமில்லை) என்கிறது, வெற்றுப் பட்டியல்கூடக் கிடையாது. இப்போது நண்பகல், இரவு 11.30, அதிகாலை 3 என்று மூன்று மாதிரிகளைச் சேமித்து வைத்திருக்கிறேன். எதை மாற்றினாலும் மூன்றிலும் ஓட்டிப் பார்க்காமல் அம்மா வீட்டுக்கு அனுப்புவதில்லை. நீங்கள் எல்லாரும் எப்படிச் சோதிக்கிறீர்கள்?

* * *

தம்பி, நான் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதிரி என்றதும் என் அனுபவத்தைச் சொல்லத் தோன்றியது. ஓர் எக்ஸ்பிரஷன் ஓடவில்லை என்று, ஊழியர்களின் உண்மையான விவரங்களை அடையாள அட்டை எண்ணோடு எடிட்டரில் ஒட்டி, பகிர்வு இணைப்பை எடுத்துச் சக ஊழியருக்கு அனுப்பிவிட்டேன். இணைப்போடு அந்தத் தரவும் போகும் என்பது மேலாளர் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் உறைத்தது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இலிருந்தே இருக்கிறது. எனக்குத் தெரியாமலும் இல்லை. அவசரத்தில் கை முந்திக்கொண்டது. அன்றிரவு தூக்கமே வரவில்லை.

இப்போது பெயர், எண், சம்பளம் எல்லாம் கற்பனையாக எழுதிய ஐந்து ஆட்களை வைத்திருக்கிறேன். உண்மைத் தரவைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் நோட்-ரெட்டிலேயே இருக்கும் சோதனைப் பகுதியைப் பயன்படுத்துங்கள். நம் சொந்தக் கணினியில் நிறுவிய நோட்-ரெட் என்றால் தரவு வெளியே போகாது.

* * *

நான் மாட்டியது எண்ணில். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் மறுவிற்பனை விலைகளைக் குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தினேன், 10,50,000 வெள்ளி வீடு 4,00,000 வெள்ளி வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. விலை மேற்கோள் குறிக்குள், எழுத்தாக இருந்திருக்கிறது. எழுத்து வரிசையில் 1 முந்தும் அல்லவா? எடிட்டரில் இடப்பக்கத்தை உற்றுப் பார்த்திருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். நான் வலப்பக்கத்தையே மாற்றி மாற்றி எழுதி ஒரு மாலையைப் போக்கினேன். எண்ணாக மாற்றும் ‘நம்பர்’ ஃபங்ஷனுக்குள் விலையைப் போட்டதும் வரிசை சரியானது.

* * *

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் போன வாரம் நண்பருக்கு அனுப்பிய என் இணைப்பைத் திறந்து பார்த்தேன். டேட்டாமாலிடம் தரவு கேட்கப் பயன்படும் என் ரகசியச் சாவி, கோரிக்கையின் தலைப்பில் (ஹெடர்) போவதால் பதிலுக்குள் இல்லை. ஆனால் அம்மா வீட்டு நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண் தொடக்கத்திலேயே இருந்தது. மூன்று மாதிரிகளிலும் அதை மாற்றிவிட்டேன். நண்பரிடமும் பழைய இணைப்பை யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.