சிவப்பு எச்சரிக்கை வந்தால் யார் யாரை அழைப்பது?

வெளிநாடுகளில் இருக்கும் அன்பார்ந்த ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்கும் நேரத்தில், வெள்ள நிவாரண நிதியைப் பற்றிப் பேசும் முன், எச்சரிக்கை நம் வீடுகளுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் பேசிவிட வேண்டும் என்பது என் கருத்து.

24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யக்கூடும் என்றால் வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுக்கிறது. அந்தச் சிவப்புக்கு மேல்வரம்பு கிடையாது என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை. 2023 டிசம்பர் 17 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தூத்துக்குடி மாவட்டத்தின் ஸ்ரீவைகுண்டத்தில் 62, திருச்செந்தூரில் 69, காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. 21 சென்டிமீட்டர் பெய்திருந்தாலும் நிறம் அதேதான். மேலும், அந்த நிறம் மழைக்குத்தான். தெருவுக்குள் வரும் தண்ணீரோ மலையில் பெய்த மழையால் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து திறந்துவிடப்பட்டதாகவும், கரை உடைந்த குளத்திலிருந்து பாய்ந்ததாகவும் இருக்கும். ஆகவே, "இங்கே தூறல்தானே போடுது" என்று வீட்டிலிருந்து வரும் பதிலை நம்பி அலைபேசியை வைத்துவிடக் கூடாது.

விடிந்த பிறகு அழைத்துப் பயனில்லை என்பதையும் அந்த வெள்ளம் காட்டியது. மின்சாரம் போய், அலைபேசிக் கோபுரங்களின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் எந்த எண்ணும் கிடைக்காது. அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுவதும், கியாஸ் சிலிண்டரின் வால்வை மூடிக் கட்டி வைப்பதும், ஓட்டு வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களைப் பக்கத்து மாடி வீட்டுக்கு அனுப்புவதும் வெளிச்சம் இருக்கும்போதே முடிய வேண்டிய வேலைகள். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் எச்சரிக்கை வந்த பகலிலேயே அழைத்து இவற்றைச் செய்யச் சொல்லலாம்.

இரவுக் காவல் வட அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு உரியது. மார்கழியில் ஊரில் நள்ளிரவு 2 மணி என்றால் டொராண்டோவில் முந்தைய நாள் பிற்பகல் 3.30 மணிதான். அடுத்த மூன்று மணி நேரத்துக்கான வானிலை அறிவிப்பையும் அணைத் திறப்பு அறிவிப்பையும் அவர்கள் பார்த்திருந்து, மாடி வீட்டுக்காரரை எழுப்பலாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை ஊரில் இருப்பவர்கள் 1077 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இடி மின்னலுக்கு 'தாமினி' செயலி இருக்கிறது. வாழைத் தோட்டத்துக்குப் போகும் இளைஞர்களின் அலைபேசியில் அதை ஏற்றிவிட்டு, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும் வரை மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் இருக்கச் சொல்லுங்கள்.

தேதியும் நேரமும் இல்லாத எச்சரிக்கைப் படங்களைத் தயவுசெய்து யாரும் பகிர வேண்டாம். போன வருடத்துப் படம் ஒன்று சுற்றினாலே, அடுத்து வரும் உண்மையான எச்சரிக்கையை ஊரார் சட்டை செய்ய மாட்டார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர், அவருக்கு மிக அருகில் மாடி வீட்டில் இருப்பவர் ஆகிய இருவரின் எண்களையும் ஐப்பசி பிறப்பதற்குள் செயலாளருக்குத் தனிமடலில் அனுப்பி வைக்க வேண்டுகிறேன்.