கப்பலுக்கு மேலால் நடந்த அம்மப்பா

எங்கள் அம்மப்பா யுத்த காலத்தில் திருகோணமலை டொக்யார்டில் கூலி வேலை செய்தவர். இரண்டாம் உலக யுத்தத்தைச் சொல்கிறேன், பிறகு வந்ததை அல்ல. எங்களைத் திண்ணையில் இருத்திவைத்து, "நாங்கள் கப்பலுக்கு மேலால நடந்துபோய்த்தான் சாமான் இறக்கினனாங்கள்" என்பார். கப்பலில் ஏறி இறங்கியதைத்தான் கிழவர் ஊதிப் பெருக்குகிறார் என்று சிரிப்போம். "ஏறேல்லையடா, அந்தக் கப்பல்தான் ஜெட்டியே, இறங்குதுறையே" என்று கோபம் வரும் அவருக்கு.

1942 ஏப்ரல் 8 பற்றியும் சொல்வார். ஜப்பான்காரன் வருகிற சங்கதி வெள்ளைக்காரனுக்கு எட்டிவிட்டது, கூலிகளுக்கு யார் சொல்வது? இருட்டோடு இருட்டாக ஹெர்மீஸ் விமானந்தாங்கி, வாம்பயர் நாசகாரி என்று கப்பல்கள் கயிறு கழற்றி வெளியே போய்விட்டன. விடிந்தால் தலைக்கு மேல் குண்டு. இதில் விசித்திரம், தப்பப் போன ஹெர்மீஸ்தான் மட்டக்களப்புக் கடலில் அகப்பட்டு 307 பேரைப் பலிகொடுத்து மூழ்கியது. வாம்பயரும் போனது. அதே நாளில் பிரிட்டிஷ் சார்ஜன்ட், அதெல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பல்களும் போயின, அவற்றின் பெயரை இங்கே யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? துறைமுகத்திலேயே நின்ற சகாயிங், பயணிகளும் சரக்கும் ஏற்றுகிற கப்பல், நின்ற இடத்திலேயே பற்றி எரிந்தது.

எரிந்ததை வீணாக்காமல் 1943இல் கரையோரமாகத் தாழ்த்தி இறங்குதுறையாக்கிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியவந்தது 2018இல்தான். கடற்படைக்காரர் அதை மாதக்கணக்காக வேலை செய்து அந்த மார்ச்சில் மிதக்கவைத்தார்கள். அடுத்த கிழமை டொக்யார்டுக்குள்ளே ஒரு கட்டடத்தில் ஏசி பழுதுபார்க்க எனக்கு அழைப்பு. ஃபோனை கேட்டிலேயே வாங்கிவைத்துவிட்டார்கள். வேலை முடிந்து வரும்போது தண்ணீரில் ஒரு துருமலை மாதிரி நிற்கிறது, 1924இல் கட்டியது, முக்கால் நூற்றாண்டு கடலுக்குள் கிடந்தது. பக்கமெல்லாம் சிப்பி அப்பியிருந்தது, வெயிலில் அது காய்ந்து எழுப்பிய நாற்றம் கருவாட்டுக் கொட்டிலைத் தோற்கடிக்கும். சிப்பி உதிர்ந்த ஓரிடத்தில் ரிவெட் குமிழ்கள் வரிசையாக, கோடு போட்டு அடித்த மாதிரித் தெரிந்தன. கூட வந்த சிப்பாய், "பழைய ஜெட்டி ஐயா இது" என்றார், சாதாரணமாக.

அம்மப்பா இன்னொன்றும் சொல்வார்: மலைபோல ஒரு போர்க்கப்பலைத் பழுதுபார்க்கத் தூக்கிவைத்திருந்த மிதக்கும் டொக் இரண்டாக முறிந்து போனதாம். அதையும் நாங்கள் நம்பவில்லை. தேடிப் பார்த்தால் 1944 ஆகஸ்ட் 8, வேலியன்ட் என்ற போர்க்கப்பல் உள்ளே இருக்கும்போதே டொக் உடைந்து தாழ்ந்திருக்கிறது. கப்பல் தப்பியது, சுக்கானுக்கும் உந்திகளுக்கும் நல்ல சேதம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சகாயிங்கைக் கண்டதைச் சொன்னேன். படம் எடுத்தாயா என்று கேட்டா. ஃபோன் கேட்டில் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "சரி, நீயும் தொடங்கியாச்சு" என்று சொல்லி அடுப்படிக்குள் போய்விட்டா.