எப்ரோ பள்ளத்தாக்கில் டிராக்டர் வந்ததா, வரவில்லையா

மெதுவண்டி:
ஸ்பெயினில் ஆர்னெஸ் ஊரிலிருந்து தோர்தோசா வரை, பழைய ரயில் தடத்தின் மேல் போட்டிருக்கும் சைக்கிள் பாதையைப் பற்றி நம் நெடுவழி போன வருடம் இந்தச் சைக்கிள் மன்றத்தில் எழுதியிருந்தார். "ஏறத்தாழ 50 கிலோமீட்டர், ஒரு வண்டி கிடையாது, குழந்தையை முன்னால் விட்டுவிட்டு நிம்மதியாகப் பின்னால் வரலாம்" என்று. அதை நம்பி ஏப்ரலில் மகளோடு போனேன். நேற்று வேறொருவருக்கும் அதே வரியை அப்படியே எழுதியிருக்கிறார். இனிமேலும் பேசாமல் இருக்க முடியாது.

ஷெர்தா தாண்டி, ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே பாதை வளைகிற இடம். எதிரே டிராக்டர். பின்னால் இழுவைப் பெட்டி நிறையக் கூடைகள். பாதையின் அகலம் முழுக்க அதுதான். மகள் எனக்கு நாற்பது அடி முன்னால் இருந்தாள். அவள் பிரேக்கை இறுக்கியதில் பின்சக்கரம் வழுக்கி, ஓரத்துப் புல்லில் சாய்ந்துவிட்டாள். ஓட்டி வந்த பெரியவர் பதறி இறங்கி, சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, அவள் கையில் இரண்டு ஆரஞ்சும் வைத்தார். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. ஒரு வண்டி கிடையாது என்று எழுதியவர் மேல்தான்.

நெடுவழி:
மெதுவண்டி அக்கா, பாப்பாவுக்கு அடி எதுவும் படவில்லையே, அது போதும். ஆனால் நான் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். அந்தப் பாதையில் ஏழு முறை போயிருக்கிறேன். இங்கே வேறு யாராவது இரண்டு முறை போயிருக்கிறீர்களா?

அது எப்படிப்பட்ட தடம் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். புவெப்லா தெ ஈகரிலிருந்து கடல்வரை போக வேண்டிய ரயில். அல்கானிஸ் வரை 1895இலேயே வந்துவிட்டது. அங்கிருந்து தோர்தோசாவைத் தொட 1940கள் ஆகிவிட்டன. 1938இல், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், எப்ரோ ஆற்றங்கரைச் சண்டை நடந்தபோது தளபதி பிராங்கோவின் தரப்பு தன் படைக்குத் தளவாடம் கொண்டுவர இந்தத் தடத்தை அவசர அவசரமாக நீட்டியது. கடலை அது கடைசிவரை பார்க்கவே இல்லை. 1973இல் ஒரு சுரங்கம் இடிந்தது, ரயிலை நிறுத்திவிட்டார்கள். கனலெதெஸ் ஆறு பாறையைக் குடைந்து போகிற இடத்தில் சுரங்கம், பாலம், மறுபடி சுரங்கம். தெர்ரா ஆல்தா பகுதியில் மட்டும் ஏறத்தாழ 20 சுரங்கங்கள். அதற்குள் டிராக்டர் எங்கிருந்து நுழையும்?

உங்களுக்கு நடந்தது என்ன என்று நான் சொல்கிறேன். தோட்டத்துக்குப் போகும் மண்வழி பாதையை வெட்டிப் போகிற இடத்தில் டிராக்டர் குறுக்கே கடந்திருக்கும். மூன்று நொடி வேலை. அதை எதிரே வந்தது என்று எழுதுகிறீர்கள்.

மெதுவண்டி:
நான் ஷெர்தா என்கிறேன், நீங்கள் சுரங்கம் என்கிறீர்கள். ஷெர்தாவில் சுரங்கம் எங்கே இருக்கிறது? அது எப்ரோ ஆற்றங்கரைச் சமவெளி. குறுக்கே கடக்கவில்லை. எதிரே வந்தது. பாதையின் மேலேயே வந்தது.

ஈரச்சக்கரம்:
ஓம், அக்கா சொல்வது சரி. நான் பாரிஸிலிருந்து எழுதுகிறேன். வண்டியில்லாத பாதை வேண்டும் என்றால் பிரான்சின் தெற்கில் மசாமே முதல் பெதாரியூ வரை போய்ப் பாருங்கள். 75 கிலோமீட்டருக்கும் மேல், அதுவும் பழைய ரயில் தடம்தான். முக்கால் கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று வரும். அதற்கு ஒரு பக்கம் விழுகிற மழை அட்லாண்டிக்குக்கும் மறுபக்கம் விழுவது மத்தியதரைக் கடலுக்கும் போகும். அதைத் தாண்டினால் ஜோர், ஓர்ப் என்று ஆற்றங்கரையோடேயே இறங்கலாம். நான் ஒரு டிராக்டரையும் காணவில்லை.

நெடுவழி:
தம்பி, நீங்கள் எத்தனை முறை போனீர்கள்? ஒருமுறை. எந்த மாதம்? அதைச் சொல்லவில்லை. ஒருமுறை போய் டிராக்டரைக் காணாதவர் சொல்வது செல்லும், ஏழு முறை போய்க் காணாதவன் சொல்வது செல்லாதா? நல்ல நியாயம்.

தாழ்வாரம்:
நெடுவழி, "ஒரு வண்டி கிடையாது" என்று எழுதியது நீங்கள். குறுக்கே கடந்தாலும் அது வண்டிதானே?

நெடுவழி:
வந்துவிட்டார். தாழ்வாரம் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு வருடம் முன்பு பலான்சியா ஆற்றுப்பக்கம் ஓகோஸ் நெக்ரோஸ் பாதையில் குழுவாகப் போனோமே, மூன்றாவது நாள் என்னை நடுவழியில் விட்டுவிட்டுப் பேருந்து ஏறிய ஆள் இவர். பாதையைப் பற்றிப் பேச அவருக்கு என்ன தகுதி?

தாழ்வாரம்:
முழங்கால் வீங்கியிருந்தது. நான்கு பேர் முன்னால் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். என் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை.

புதுப்பெடல்:
வணக்கம். செப்டம்பரில் அப்பாவோடு போகலாம் என்று இருக்கிறோம். சுரங்கத்துக்குள் விளக்கு எரியுமா, நாம் கொண்டுபோக வேண்டுமா?

மெதுவண்டி:
கட்டாயம் கொண்டுபோங்கள். சில சுரங்கங்களில் விளக்கு இருந்தும் நாங்கள் போனபோது எரியவில்லை. வளைவான சுரங்கத்தில் நடுவே வந்ததும் முன்பக்க வெளிச்சமும் தெரியாது, பின்பக்க வெளிச்சமும் தெரியாது. மகள் சைக்கிளை விட்டு இறங்கி, கையால் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள்.

நெடுவழி:
நான் போன ஏழு முறையும் விளக்கு எரிந்தது. ஆள் வந்தால் தானே எரியும். சிலர் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டால் எது எரிந்தாலும் தெரியாது.

புதுப்பெடல், உங்களுக்கு ஒழுங்காகச் சொல்கிறேன். ஆர்னெஸ் பக்கமிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் இறக்கம், அப்பாவுக்குக் கஷ்டமிருக்காது. எப்ரோவைத் தொட்டபின் வடமேற்குக் காற்று அடித்தால் முதுகில் கைவைத்துத் தள்ளும். அதுவே தோர்தோசாவிலிருந்து மேலே போனால் அந்தக் காற்று எதிரி. ஃபொந்த்கால்டாவில் இறங்கி ஆற்றோரம் வெந்நீர் ஊற்றில் காலை வையுங்கள், 28 டிகிரி. பினெல் நிலையத்தில் இறங்கி ஊருக்குள் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், நிலையம் பள்ளத்தில், ஊர் மலைமேல். பெனிஃபாலெட் ஊரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம். கையில் ரொட்டி இருக்கட்டும். டிராக்டரைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

மெதுவண்டி:
கவலைப்படுங்கள். ஷெர்தாவிலிருந்து அல்தோவெர் வரை வளைவில் மணி அடித்துக்கொண்டே போங்கள்.

ஈரச்சக்கரம்:
இப்படி ரயில் தடத்தைப் பாதையாக்கியதற்கு ஸ்பானிஷில் வியா வெர்தே என்று பெயர், அதை நெடுவழி பழைய பதிவில் "பசுவழி" என்று எழுதியிருந்தார். மாடு போகிற வழி என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பசுமைவழி என்று எழுதினால் என்ன?

நெடுவழி:
பசும்புல், பசுந்தளிர் என்று சொன்னால் மாடு ஞாபகம் வருமா? 1993இல் அங்கே இந்தத் திட்டம் தொடங்கியது. இன்று 3,000 கிலோமீட்டருக்கு மேல் ரயில் தடங்களை மீட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதற்குத் தமிழில் முதலில் பெயர் வைத்தவன் நான். பெயரில் குற்றம் கண்டுபிடிக்க மட்டும் ஆள் வருகிறது.

தாழ்வாரம்:
பசும்பாதை என்று நான் அதற்கு முன்பே எழுதியிருந்தேன். தேடிப் பாருங்கள்.

நெடுவழி:
தேடினேன். இல்லை. நீங்கள் பேருந்தில் உட்கார்ந்து எழுதியிருப்பீர்கள், சிக்னல் கிடைத்திருக்காது.

மெதுவண்டி:
பேச்சை மாற்ற வேண்டாம். வண்டி கிடையாது என்ற அந்த வரியை எடுப்பீர்களா, மாட்டீர்களா? ஒரு குழந்தையை முன்னால் விடச் சொல்கிற வரி அது. ஆரஞ்சு விளைகிற இடத்தில் ஆரஞ்சு ஏற்ற வண்டி வரத்தான் செய்யும். அது அவர்கள் நிலம், அவர்கள் பிழைப்பு. நாம்தான் விருந்தாளி. அதைச் சொல்லி அனுப்பியிருந்தால் மகளை என் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

நெடுவழி:
படம் இருக்கிறதா அக்கா?

மெதுவண்டி:
மகள் புல்லில் கிடக்கும்போது படம் எடுக்கச் சொல்கிறீர்களா?

நெடுவழி:
டிராக்டரின் படம் கேட்டேன். அந்தப் பெரியவர் இறங்கி நின்று ஆரஞ்சு கொடுக்கும் அளவுக்கு நேரம் இருந்ததே. அக்டோபரில் எட்டாவது முறை போகிறேன். நீங்கள் சொன்ன வளைவிலேயே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எத்தனை வருகிறது என்று எண்ணி இங்கே போடுகிறேன்.

மெதுவண்டி:
தோட்டத்தில் பறிப்பு நடக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்று எழுதாதீர்கள்.

நெடுவழி:
எந்தக் கிழமை போனாலும் அது குறுக்கேதான் கடக்கும்.

மெதுவண்டி:
எதிரே வந்தது.