'டெட் கேட் பவுன்ஸ்': 1985 டிசம்பர் நாளிதழ் நறுக்குகள் தேவை

வணக்கம். பங்குச் சந்தைச் சொற்களுக்கான தமிழ்க் கையேடு ஒன்று தயாராகிறது. அதில் 'டெட் கேட் பவுன்ஸ்' (செத்த பூனையின் துள்ளல்) என்ற சொற்றொடருக்கு உங்கள் உதவி வேண்டும்.

பொருளில் சிக்கல் இல்லை. போதிய உயரத்திலிருந்து போட்டால் செத்த பூனைகூட ஒரு துள்ளு துள்ளும். சரிந்துகொண்டே போகும் விலை இடையில் சட்டென ஏறி, பிறகு பழைய அடிமட்டத்தையும் உடைத்துக்கொண்டு இறங்குவதுதான் இது. ஷார்ட் அடித்தவர்கள் (விலை இறங்கும் என்று கடன் வாங்கிய பங்கை முன்கூட்டியே விற்றவர்கள்) கணக்கை முடிக்கத் திரும்ப வாங்குவார்கள்; மலிவு என்று நம்பி நுழைபவர்களும் சேர்வார்கள். 2008 அக்டோபர் 13 அன்று அமெரிக்கப் பங்குக் குறியீடான டவ் ஜோன்ஸ் 936 புள்ளி ஏறி 9,387-இல் முடிந்தது. அக்டோபர் 15 அன்று ஒரே நாளில் 733 புள்ளி போனது. 2009 மார்ச் 9 அன்று 6,547-க்கே இறங்கிவிட்டது! அடிமட்டம் உடைந்த பிறகுதான் இந்தப் பெயரை உறுதியாகச் சூட்டலாம். ஏறும்போதே சொல்வது ஊகம்.

(அரசியலில் கவனத்தைத் திருப்பும் 'டெட் கேட்' உத்தி வேறு, தயவுசெய்து கலக்காதீர்கள்.)

பரவலாகக் காட்டப்படும் பழைய அச்சுச் சான்று 1985 டிசம்பர் ஃபைனான்ஷியல் டைம்ஸ். பான்-எலக்ட்ரிக் என்ற சிங்கப்பூர் நிறுவனம் கவிழ்ந்து சிங்கப்பூர் சந்தை 3 நாள் மூடிக்கிடந்த சமயம் அது. எனவே சிங்கப்பூர், மலேசிய நண்பர்களே, அந்த மாதத் தமிழ் முரசு, தமிழ் நேசன் வணிகச் செய்திகள் இருந்தால் தேதியும் பக்க எண்ணும் தெரியப் படமெடுத்துப் போடுங்கள். அதற்கும் முந்தைய ஆங்கிலச் சான்று கிடைத்தால் முழுப் பத்தியாக வேண்டும். ஒற்றை வரியை வைத்துப் பொருளைத் தீர்மானிக்க முடியாது.