மின்பாதைக் கட்டணம் யார் தலையில்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லோடுஃப்ளோ:

மின் கொள்முதல் பிரிவில் இருந்தபோது, மாநிலம் விட்டு மாநிலம் மின்சாரம் கொண்டுவரும் லைன்களுக்கான மின்பாதைக் கட்டண பில் மாதாமாதம் வந்ததும் கணக்குப் பிரிவு மேடம் என் மேசைக்கு வந்துவிடுவார். "சார், இந்த லைன் எங்கேயோ வடக்கே இருக்கு. நாம எப்படி இதைப் பயன்படுத்தினோம்?" நியாயமான கேள்வி. மின்சாரம் ஒப்பந்தத்தைப் பார்த்து ஓடுவதில்லை. தடை குறைந்த பாதையில் அதிகமாகவும் மற்றவற்றில் கொஞ்சமாகவும் பிரிந்து ஓடும்.

முன்பெல்லாம் தபால் தலை மாதிரி, மண்டலத்துக்குள் எவ்வளவு தூரமானாலும் ஒரே வீதம். மண்டலம் தாண்டினால் இன்னொரு கட்டணம் மேலே ஏறும். 2011 ஜூலையில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் புது விதி வந்தது. எந்த லைனை யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று கணினியில் தடம் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

தடம் பிடிப்பது எப்படி என்று மேடத்துக்கு ஒரு தாளில் வரைந்து காட்டினேன். ஒரு துணைமின் நிலையத்துக்கு ஒரு பக்கமிருந்து 60 மெகாவாட், இன்னொரு பக்கமிருந்து 40 வருகிறது. வெளியே போவது 70, 30. அந்த 70இல் யாருடையது எவ்வளவு? உள்ளே வந்த விகிதத்திலேயே வெளியேயும் போகிறது என்று வைத்துக்கொண்டால், 60 வந்த பக்கத்தினுடையது 42, 40 வந்த பக்கத்தினுடையது 28.

"இதை மீட்டர் வைத்து அளக்க முடியுமா?"

முடியாது. கணக்குக்காக ஏற்றுக்கொண்ட அனுமானம் அது. அதை நம்பித்தான் கோடிக்கணக்கில் பில் போகிறது.

2020 நவம்பரில் விதி மறுபடி மாறியது. லைனில் பயன்பட்ட பங்குக்கு மட்டும் தடம் பிடிப்பார்கள். மீதிக் கட்டணம், ஒவ்வொருவரும் லைனில் எவ்வளவு மின்சாரம் எடுக்க உரிமை வாங்கியிருக்கிறார்கள் என்பதை வைத்து. எல்லா மாநிலங்களும் சேர்ந்து அதிகமாக இழுத்த அந்த 15 நிமிடம்தான் பயன்பாட்டுக்கு அளவுகோல். நம் உச்சம் வேறு நேரத்தில் வந்தாலும் அதற்குக் கணக்கில் இடமில்லை. எனக்கு மனக்குறை இதில்தான். காற்று சீசனில் அந்த 15 நிமிடம் நம் காற்றாலைகள் நன்றாகச் சுற்றியிருந்தால் நம் பங்கு ஒரு மாதிரி வரும், படுத்திருந்தால் வேறு மாதிரி வரும்.

கொங்குக்காரன்:

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வரும் ராய்கர்–புகளூர் லைன் வந்தபோது எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "டவரும் நம்ம காட்டுல நிக்குது, காசும் நாமதான் கட்டோணுமா தம்பி?"

அது 800 கிலோவோல்ட் நேர்மின் (DC) பாதை, 6,000 மெகாவாட் கொண்டுவரக்கூடியது. அதில் எவ்வளவு ஓட வேண்டும் என்பதை இயக்குபவர்களே முடிவு செய்கிறார்கள். எந்த ஊரில் லோடு ஏறினாலும் இறங்கினாலும் அது தானாக மாறாது. அதனால் மேலே சொன்ன தடம் பிடிக்கும் கணக்கு இங்கே எடுபடாது. 2020 விதிப்படி இதன் கட்டணத்தில் 30 சதவீதம் நாடு முழுவதற்கும், 70 சதவீதம் தென் மாநிலங்களுக்கும் என்று பிரித்தார்கள். இதைத் தேசியச் சொத்தாக்க வேண்டும், அதாவது முழுக் கட்டணத்தையும் நாடே பகிர வேண்டும் என்று தமிழ்நாடு கேட்டது. தெற்கே காற்றும் வெயிலும் மிஞ்சும் நாளில் இதே லைனில் வடக்கே மின்சாரம் அனுப்பவும் முடியும். அந்தப் பலனையும் சேர்த்துப் பார்த்தால் நம் 70 குறையத்தான் வேண்டும். பெரியவரிடமும் அதையேதான் சொன்னேன்.