கோச்சிக் குடும்பம்: மருதானை யாட் மொடல்

சின்னவன்: 8 அடிக்கு 2 அடி பலகை எடுத்தாச்சு. கொழும்பு மருதானை ஸ்டேசனின்ர றெயில் யாட்டைச் சின்ன மொடலாய் அப்பிடியே செய்யலாமோ மாமா?

மாங்குளம் மாமா: அப்பிடியே ஏலாது. முதல்ல ஆண்டைச் சொல்லு. ஸ்டேசன் கட்டடம் 1908. கனடாவில செய்த எம்2 டீசல் எஞ்சின் வந்தது 1954. அதுக்கு முந்தின நீராவிக் காலமெண்டால் கரிமேடை, தண்ணிக் குழாய், சாம்பல் குழி எல்லாம் கட்டாயம் வேணும்.

சின்னவன்: கிளிநொச்சி ஸ்டேசனைப் பார்த்து வரைஞ்சால்?

வவுனியா அக்கா: வேண்டாம். உது 2013இல புதுசாப் போட்ட பாதை, கொங்கிரீட் சிலிப்பர். 1990இல யாழ்தேவி வடக்குக்கு வாறது நிண்ட பிறகு பழைய தண்டவாளம் அந்தப் பக்கம் மிஞ்சேல்லை. ரெண்டு தண்டவாளத்துக்கும் இடையிலான அகலம் மட்டும்தான் அதே 1676 மி.மீ.

மாங்குளம் மாமா: அந்த அகலத்திலதான் கன பேர் கவிழுறது. கடையில 1:87, அதாவது நிசத்தில 87இல ஒரு பங்கு, எண்டு விக்கிற பாதை 16.5 மி.மீ. அது 1435 அகலத்துக்குச் செய்தது. எங்கட 1676ஐ 87ஆல் பிரி, 19.3 வரும். 100ஆல் பிரிச்சால் 16.8. அப்ப 1:100இல போ, கடைப் பாதையே காணும். பெட்டியின்ர உடம்பை மட்டும் மட்டையில நீயே கட்டு. கடைப் பெட்டியை அப்பிடியே வைச்சால் பருத்துத் தெரியும்.

சின்னவன்: 8 அடிப் பலகை எண்டால் 1:100இல நிச யாட்டின்ர 244 மீற்றர்தானே வருது?

கிளி. பெரியண்ணை: ஓம். அதாலதான் நீளத்தை வெட்டவேணும். ஆனா பொயின்ற், அதாவது பாதை பிரியிற இடம், இருக்கிற ஒழுங்கைக் கலைக்காதே, யாட்டின்ர முகமே அதுதான். 5 வாகன் நிக்க ஒரு பாதை, 3 வாகன் நிக்க ரெண்டு. வெளிப் பக்கத்தில எஞ்சினும் 3 வாகனும் நிக்க, வாகனை இழுத்து மாத்துற இழுவைப் பாதை. வாகன் கொழுவியோட 80 மி.மீ., எஞ்சினுக்கு 160, பொயின்ற் ஒண்டுக்கு 200 எண்டால் 1400க்குள்ள அடங்கும். மிச்சத்தில சாமான் கொட்டகை.

கிளி. பெரியண்ணை: இன்னொண்டு. பாதை நீளத்தைப் பொயின்ற் முனையில இருந்து அளக்காதே. பக்கத்துப் பாதையில போற வண்டி முட்டாத இடத்தில இருந்து அள. இல்லாட்டி 5 வாகன் எண்டு கட்டினதில 4தான் நிக்கும்.

சின்னவன்: பழைய வரைபடம்?

வவுனியா அக்கா: ஒரு அங்குலம் ஒரு மைல் வரைபடத்தை நம்பாதே. 500 மீற்றர் யாட் அதில 8 மி.மீ.தான், பொயின்ற் ஒண்டும் தெரியாது. கொழும்பு சுவடிகள் திணைக்களத்தில றெயில்வே ஆண்டறிக்கை கேள். பழைய எஞ்சினை நேர பார்க்கவெண்டால் கடுகண்ணாவை மியூசியம்.

வவுனியா அக்கா: பழைய போட்டோவில அளக்கிறதெண்டால் ரெண்டு தண்டவாளத்தின்ர உள்முக இடைவெளிதான் உன்ர அளவுகோல், 1676. கொட்டகைக் கதவு தண்டவாளத்தோட ஒரே தூரத்தில நிண்டால் மட்டும் ஒப்பிடு. பின்னுக்கு நிண்டால் கதவு சின்னனாய் வந்திடும். படம் இடம்வலம் மாறியிருக்கோ எண்டு பெயர்ப்பலகை எழுத்தில பார்.

சின்னவன்: களனிப் பள்ளத்தாக்குக்குப் போன அகலம் குறைஞ்ச சின்னப் பாதையும் போடலாமோ?

மாங்குளம் மாமா: 1990களில அகலமாக்க முந்தி அது 762 மி.மீ. 1:100இல 7.6. கடையில 9உம் 6.5உம்தான், ரெண்டும் பொருந்தாது. ஓடாத பாதையாய்க் கையால ஒட்டி, ஒரு வாகனை நிப்பாட்டி விடு.

கிளி. பெரியண்ணை: ஓடுற பாதையில மூட்டுக்கு மூட்டு தபாலட்டைத் தடிப்பு இடைவெளி விடு. சித்திரை வெயிலுக்குத் தண்டவாளம் நெளியும், மாரியில பலகை ஊதும். பலகையின்ர வெட்டின ஓரத்துக்கும் வாணிஷ் பூசு. பலகை நிக்கிற மேசைக் கால்களை நிலத்தில முட்டவிடாமல் தகரப் பேணிக்குள்ள வை, கறையான் உன்ர ஆண்டெல்லாம் பார்க்காது 😄

சின்னவன்: 1956 எண்டு எழுதிட்டன். நீராவியும் டீசலும்.

மாங்குளம் மாமா: சரி, அப்ப சாம்பல் குழியையும் கீறு.