புதுப்பிப்பு: யோனி இதழ்ப் புற்றுநோய்க் கதிர்வீச்சு, மூன்றாம் வாரத் தோல் எரிச்சல்

இந்தக் கதிர்வீச்சு வாரம் 5 நாள், 5 முதல் 6 வாரம் தருவாங்க என்று முன்பு எழுதியிருந்தேன். கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய்வரும் அக்கா ஒருவர், தொடை இடுக்கில் தோல் உரிகிறது, கதிர்வீச்சை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தார்.

நீங்களாக நிறுத்தாதீங்க அக்கா. இடைவெளி விட்டால் மிஞ்சிய புற்றுசெல்கள் மறுபடி பெருகும். உரிவது எதிர்பார்த்ததுதான்; கடைசி வாரத்தில் கூடும், முடிந்த சில வாரங்களில் ஆறும்.

வெதுவெதுப்பான தண்ணீர் டப்பில் 10 நிமிடம் உட்காருங்க, தேய்க்காமல் ஒற்றி எடுங்க. சிறுநீர் கழிக்கும்போதே மக்கில் தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் குறையும். மஞ்சள், வேப்பிலை அரைத்துப் பூசவே வேண்டாம், புண்ணில் தொற்று ஏறும். நம்ம ஊர் வியர்வைக்குத் தளர்வான பருத்தி உள்பாவாடை போதும். பேருந்தில் நைலான் உள்ளாடை ஆகாது.

கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறுகிறதென்றால், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தொட்டதும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயிடுங்க.